எல்மர் பார்க்காத பந்து

எல்மர் டீக்மன் எங்கள் ஊர்த் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்ப்பவர். பின்கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைவார், நிலவறைப் படியில் இறங்குவார், டார்ச்சை அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே வந்துவிடுவார். இருபத்தேழு வருடமாக இதே வேலை. யார் வீட்டுச் சுவரில் ஈரம் கசிகிறது, யார் மனைவிக்குத் தெரியாமல் கீழே விஸ்கி ஒளித்திருக்கிறார், எந்த நாய்க்கு நீலச் சட்டை ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை.

கோடைகால மாலைகளில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் பேஸ்பால் அணியான பட்டன்ஸ் ஊரில் ஆடும் நாளெல்லாம் மைதானத்தின் கூரைக்கடியில் இருக்கிற மரக்கூண்டில் போய் உட்கார்ந்துவிடுவார். லீக் நியமித்த ஸ்கோரர் அவர்.

ஒருவன் பந்தை அடித்துவிட்டு ஓடி, மைதானத்தின் நான்கு தளங்களில் முதல் தளத்தைச் சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக அடித்ததால் சேர்ந்தானா, தடுக்க வேண்டியவன் கோட்டைவிட்டதால் சேர்ந்தானா? முன்னதற்குப் பெயர் அடி. பின்னதற்குப் பெயர் பிழை. இதைச் சொல்வது அம்பயர் இல்லை, ஸ்கோரர். எல்மரின் மேசையில் இரண்டு விசைகள் இருந்தன. ஒன்றைத் தட்டினால் எதிரே பலகையில் அடி என்று விளக்கு எரியும், மற்றதைத் தட்டினால் பிழை. தட்டியதை மாற்ற அவருக்கு ஒரு நாள் அவகாசம். அது கழிந்தால் லீக் தலைவர் ஒருவர்தான் மாற்றலாம். எல்மர் எதையும் மாற்றியதில்லை. மாற்றத் தேவை வராதபடி பார்ப்பதுதான் அவர் பெருமை. "எங்க கல்யாணத்துல என் முகத்தக்கூட இவ்வளவு உத்துப் பாக்கல இந்த மனுஷன்" என்பார் அவர் மனைவி வில்மா.

சாதனைகள் அவருக்கு மனப்பாடம். திங்கட்கிழமை மதியம் லூயியின் சாப்பாட்டுக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு கேள்வி போடுவார். யாராவது சரியாகச் சொன்னால் அவருக்கு ஆப்பிள் பை ஒரு துண்டு, எல்மர் செலவில்.

"ஒரு சீசன் முழுக்க ஆடி, மூணே மூணு தடவ மட்டும் பந்தக் கோட்டைவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனவன் யாரு?"

"என் மச்சான்" என்பார் லூயி. "அவன் மொத்தமா மட்டையத் தொட்டதே மூணு தடவதான்."

"ஜோ சூவல். 1932." எல்மர் சிரிக்க மாட்டார். அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது போலப் பார்ப்பார்.

அறுபத்தொன்பது ஆட்டம் விடாமல் அடித்த ஜோ வில்ஹாய்ட்டை அந்தக் கவுண்டரில் எல்லாருக்கும் தெரியும், எல்மர் புண்ணியத்தில். அறுபத்தொரு ஹோம் ரன் அடித்த கோடையில் ரோஜர் மாரிஸுக்குக் கவலையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதும் தெரியும்.

1984 ஜூலையில் எல்மருக்கு முடி கொட்டவில்லை. ஆனால் இரண்டரை வாரத்தில் பன்னிரண்டு பவுண்டு இளைத்தார். லூத்தரன் தேவாலயத்துக்கு நீச்சல் குளத்தை நிரப்பும் அளவுக்குத் தண்ணீர் பில் போனது. பாஸ்டர் இலாகாவுக்கே நேரில் வந்து, ஞானஸ்நானத்துக்கு நாங்கள் சில சொட்டுகள்தான் தெளிக்கிறோம் என்று விளக்க வேண்டியதாயிற்று. எல்மர் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினார் என்பதை ஊர் முதலில் நம்பவில்லை. வெயில் என்றார்கள்.

வெயில் இல்லை. காரணம் எங்கள் நிலவறையில் குடியிருந்தான்.

ரேமுண்டோ அல்மான்சார் டொமினிகன் நாட்டுக்காரன், பட்டன்ஸில் இரண்டாம் தளத்தைக் காக்கும் ஆட்டக்காரன். அணியின் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் கட்டாது என்பதால் ஆட்டக்காரர்களை ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கு ஒருவராக வைத்துக்கொள்வது வழக்கம். அந்த வருடம் அவன் எங்களுக்கு. ஊர் அவனை மாண்டோ என்றது. இருபத்துநான்கு வயது. இந்தக் கீழ்மட்டத்தில் மூன்றாவது வருடம். மூன்றாவது வருடமும் கீழேயே இருப்பவனை ஜூலை முடிவில் பெரிய அணி ஒன்று மேலே ஏற்றும், இல்லை டிக்கெட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். இதை அவன் எங்களிடம் சொன்னதில்லை. அவன் காற்சட்டைகளை இஸ்திரி போடும் விதத்திலேயே தெரியும். மடிப்பில் தவறினால் யாரோ வந்து அழைத்துப் போய்விடுவார்கள் என்பது போலப் போடுவான்.

ஜூன் பதினாலிலிருந்து அவன் ஓர் ஆட்டம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்கு ஓர் அடியாவது வேண்டும். ஒரு நாள் இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துபோகும். லீக்கின் சாதனை முப்பத்தேழு ஆட்டம், 1952இல் வைத்தது. ஜூலை பத்தொன்பது, வியாழக்கிழமை, மாண்டோ முப்பத்தைந்தில் நின்றான். சனிக்கிழமை சமன், ஞாயிற்றுக்கிழமை தாண்டல். பெரிய அணியிலிருந்து ஒருவர் சனிக்கிழமை அவனைப் பார்ப்பதற்கென்றே வருவதாகச் செய்தி.

வெள்ளி காலை பத்து மணிக்கு எல்மர் எங்கள் பின்கதவைத் தட்டினார். எங்கள் தெருவின் முறை அடுத்த வாரம்தான். அம்மா சொன்னாள், "என்ன எல்மர், எங்க மீட்டர் அவ்வளவு வேகமா ஓடுதா?"

"அந்தப் பையன் இருக்கானா பெர்னிஸ்?"

"கீழ இருக்கான். அரிசி வேக வைக்கிறான். முகமெல்லாம் ஏன் சாம்பலா இருக்கு உனக்கு? உக்காரு, காபி தரேன்."

அவர் உட்காரவில்லை. படியிறங்கினார். கதவு திறந்தே இருந்தது. அம்மா பீன்ஸ் நறுக்குவதைத் தொடர்ந்தாள், சத்தமில்லாமல். நான் மேசையில் இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"மாண்டோ, ஒரு விஷயம்."

"வாங்க மிஸ்டர் எல்மர். சாப்பிடுறீங்களா? சோறு, பீன்ஸ்."

"வேண்டாம். ஜூலை மூணு. ஞாபகம் இருக்கா?"

"பூச்சி வந்த நாளு."

"அதே நாளு."

அன்று ஆற்று ஈசல் கிளம்பியிருந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் வரும். விளக்கைத் தேடி ஆற்றிலிருந்து மேகம் மாதிரி எழும்பி, சுவர், சட்டை, மனிதர் முகம் எல்லாவற்றையும் மூடிவிடும். காலையில் பாலத்தின் மேல் பனி தள்ளும் வண்டியை ஓட்டித்தான் அள்ளுவார்கள். ஆட்டம் நின்றதா என்றால் இல்லை, எங்கள் ஊரில் ஈசலுக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்துவதில்லை.

"ஏழாவது இன்னிங்ஸ்" என்றார் எல்மர். "மூணாம் தளத்துப் பக்கமா நீ ஒண்ணு அடிச்ச. அன்னிக்கு உனக்கு இருந்தது அந்த ஒரே அடிதான்."

"ஆமா."

"நான் பாக்கல."

கீழே சோற்றுப் பானையின் மூடி துள்ளும் சத்தம் கேட்டது.

"கண்ணாடி மேல ரெண்டு பூச்சி ஒக்காந்துருச்சு. கழட்டித் துடைச்சேன். ரெண்டு விநாடி. தலைய நிமித்தினா நீ முதல் தளத்துல நிக்கிற. பக்கத்துல கில்ஹூலி இருந்தான். சுத்தமான அடியான்னு கேட்டேன். சுத்தம்னான். தட்டிட்டேன்."

ரஸ் கில்ஹூலி உள்ளூர் வானொலியில் ஆட்டம் சொல்பவர், மைதான ஒலிபெருக்கியும் அவர் கையில்தான்.

"அப்ப சரி" என்றான் மாண்டோ. "அவரு பாத்திருக்காரு."

"பாக்கல. அதத்தான் போன வாரம் ஒத்துக்கிட்டான். அந்த நேரம் குனிஞ்சு விதைச்சோள விளம்பரத்த வாசிச்சிட்டு இருந்திருக்கான். கூட்டம் கத்துச்சாம், அடின்னு நினைச்சானாம். எதிரணியோட மூணாம் தளத்துக்காரனுக்குப் போன் பண்ணேன். அடிதான்னு சத்தியம் பண்றான். பிழைன்னா அது அவன் பேர்ல விழும், வேற என்ன சொல்வான்? மிச்சம் நீதான். நீ பாத்தியா?"

மாண்டோ அடுப்பை அணைத்தான்.

"நான் ஓடுறேன் மிஸ்டர் எல்மர். ஓடுறப்ப முதல் தளம் மட்டும்தான் தெரியும். பின்னாடி என்ன நடக்குதுன்னு திரும்பிப் பாத்தா அவுட்டு. சின்ன வயசுல அதுக்கு எங்க கோச் காதத் திருகுவாரு. போய் நின்னப்புறம் பலகையப் பாத்தேன். அடின்னு இருந்துச்சு. பலகை உங்களோடது."

"ஆமா."

"அப்ப நான் உங்களத்தான் நம்பினேன். நீங்க வந்து என்னக் கேக்குறீங்க!"

எல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வழக்கமாகக் கேள்வி போடும் அந்தக் குரலிலேயே சொன்னார்: "டை காப் 1910ல ஆடின ஒரு ஆட்டத்த ரெண்டு தடவ எழுதிட்டாங்க. ரெண்டு அடி கூடிப்போச்சு. வெளிய தெரிய எழுபது வருஷம் ஆச்சு. யாரோ ஒரு ஸ்கோரர், பேரு யாருக்கும் ஞாபகமில்ல. நான் தினமும் அந்தாள நினைச்சுக்கிறேன்."

"தலைவருக்கு எழுதப் போறீங்களா?"

"பிழைன்னு தெரிஞ்சா எழுதணும்."

"எழுதினா எனக்கு முப்பத்தஞ்சு இல்ல."

"அதுக்கப்புறம் உள்ளது பதினாறு. அதுவும் நல்ல எண்ணுதான்."

"பதினாறு அடிச்சவன் இந்த லீக்ல ஒவ்வொரு அணி பஸ்லயும் ஒருத்தன் இருக்கான்." மாண்டோவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நாளைக்கு அந்த மனுஷன் வர்றது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ராத்திரி நல்லாத் தூங்கணும். அதுக்கு என் பிழைப்பக் கேக்குறீங்க. என் தூக்கத்துக்கு யாரப் போய்க் கேக்குறது?"

அம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படியின் தலைப்பில் போய் நின்றாள். அவள் இந்தப் பேச்சை எப்படியாவது முடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

"ரெண்டு பேரும் எதுக்கு இப்பிடி அடிச்சிக்கிறீங்க? அந்த ப்ராங்கம்மாவக் கேக்க வேண்டியதுதானே! மூணாம் தளத்துக்குப் பின்னாடியே உக்காந்து ஒரு பந்து விடாம எழுதி வைக்குமே அது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாண்டோ கீழேயிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தான். அன்று அவன் சமைத்த சோறு அப்படியே கிடந்தது.

வெள்ளி மாலை அவன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வேலிவரை ஓர் அடி அடித்தான். முப்பத்தாறு. ஊர் எழுந்து நின்று கத்தியது. எல்மர் விசையைத் தட்டியபோது விரல் வழுக்கியதாகக் கில்ஹூலி பிற்பாடு சொன்னார்.

மிசஸ் ப்ராங் பந்துருட்டும் பௌலிங் கூடத்தில் வாடகைக் காலணி கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் தளத்துக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் அவர் இருக்கை. சுருள் கம்பி போட்ட நோட்டு, நான்கு பென்சில், வேர்க்கடலைப் பை. எல்மர் சொல்வது எதையும் அவர் ஏற்பதில்லை. எல்மர் ஒவ்வொரு முறை தப்பாகத் தட்டியதாகத் தோன்றும்போதும் ஓர் அஞ்சலட்டை போடுவார். "ஜூன் 2, ஐந்தாவது இன்னிங்ஸ். அது அடி அல்ல. பையன் பார்க்க லட்சணமாக இருக்கிறான் என்று கொடுத்துவிட்டாய்." எல்மர் அந்த அட்டைகளை ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார், பதில் எழுதியதில்லை.

சனி காலை இலாகா வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அவர் எங்கள் காரைக் கேட்டார். அவர் கை இருந்த நிலையில் ஓட்டவிட அம்மாவுக்கு மனமில்லை. நான் ஓட்டினேன். வழி முழுக்க அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "ஐம்பத்தாறு ஆட்டம் அடிச்சாரே டிமாஜியோ, அதுல முப்பதாவது ஆட்டத்துல பந்து தடுக்கறவன் தோள்ல பட்டு எகிறிச்சு. அன்னிக்குக் கூண்டுல இருந்த ஸ்கோரரு அடின்னாரு. ஆனா அவரு பாத்தாரு."

மிசஸ் ப்ராங் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"அட்டைய எல்லாம் திருப்பிக் குடுக்க வந்தியா?"

"ஒரு ஆட்டத்தப் பத்திக் கேக்கணும் மிசஸ் ப்ராங்."

"நீ? என்னையா?" சமையலறை நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். "உக்காரு. தம்பி, நீயும் உக்காரு. முப்பது வருஷத்துல இப்பத்தான் புத்தி வந்திருக்கு. எந்த ஆட்டம்?"

"ஜூலை மூணு. ஏழாவது இன்னிங்ஸ்."

அவர் முகத்திலிருந்த கேலி சட்டென்று இறங்கியது. நோட்டுகள் குளிர்பெட்டியின் மேல் அடுக்கியிருந்தன. தேடவே இல்லை, மேலிருந்து மூன்றாவதை உருவினார். பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். எல்மர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

மாண்டோவின் கட்டத்தில் அடி என்பதற்கான குறி இருந்தது. எல்மர் ஒரு பெரிய மூச்சு விட்டார். மிசஸ் ப்ராங் நோட்டைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இப்பப் பாரு."

காகிதம் அங்கே மெலிந்திருந்தது, ரப்பரால் தேய்த்த இடம். அடிக் குறிக்குக் கீழே வேறொன்று அழுந்தியிருந்தது. பிழை, மூன்றாம் தளத்துக்காரன்.

"முதல்ல பிழைன்னுதான் போட்டேன். பந்து நேரா அவன் கையுறைக்குள்ள போச்சு. நான் பாத்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல வேலி மட்டும்தான். உள்ள போன பந்து வெளிய துள்ளிச்சு, பொறுக்கி எறியறதுக்குள்ள பையன் போய்ச் சேந்துட்டான். அப்புறம் பலகையப் பாத்தா அடின்னு எரியுது."

"ஏன் அழிச்சீங்க? எனக்கு அட்டை போடாம?"

"பூச்சி அப்பிடிப் பறக்குது. எங்கண்ணுல ஏதோ குத்தம்னு நினைச்சேன். நீ மேலருந்து ஏதோ பாத்திருக்கன்னு நினைச்சேன்." அவர் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது எல்மர் மேல் மட்டும் என்று சொல்ல முடியாது. "முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ, போகட்டும், இந்தாள நம்புவோம்னு நினைச்சேன் எல்மர். அது இந்தத் தடவ."

எல்மர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"கையுறைக்குள்ள போச்சு. நிச்சயமா?"

"உன் மூக்கு உன் முகத்துல இருக்குற மாதிரி."

"உங்க போன உபயோகிக்கலாமா?"

லீக் தலைவர் இரண்டு மாவட்டம் தள்ளி டிராக்டர் விற்பவர். அவர் பேசுவது தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும்.

"இன்னிக்கா? எல்மர், இன்னிக்குச் சனிக்கிழம! நாலாயிரம் டிக்கெட் போயிருக்கு! திங்கக்கிழம பேசிக்கலாம்."

"திங்கக்கிழமைக்குள்ள சாதனை ஆயிடும் சார். அதுக்கப்புறம் அத அவன்கிட்டருந்து பிடுங்கணும்."

"சரி, நீ என்ன பாத்த? அடியா, பிழையா?"

"நான் பாக்கல."

"பின்ன யாரு பாத்தது?"

"மிசஸ் ப்ராங்."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "அஞ்சலட்டைக்காரம்மாவா? எனக்கும் போடும் அது."

"அனுப்பின அட்டைக்கு ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கலாம்னு சொல்லு" என்றார் மிசஸ் ப்ராங்.

"இங்க பாரு எல்மர். ஒரு கிழவி ரப்பர் வெச்சுத் தேச்சத வெச்சு நான் பிழைன்னு சொல்ல முடியாது. ஸ்கோரர் நீ. நீ பிழைன்னு சொல்லு, உன் பேர்ல, இப்பவே. நான் சரின்னு சொல்றேன். இல்ல, அடின்னே விடு. யாரும் கேக்கப் போறதில்ல. உனக்கு எப்பிடி வசதி?"

எல்மர் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு சோள விதைக் கம்பெனியின் நாட்காட்டி. என்னைப் பார்க்கவில்லை, நல்லவேளை. நான் அந்த நேரம் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் நிலவறையில் மடிப்புக் கலையாமல் தொங்கும் காற்சட்டைகளை. அடியென்றே விடுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இன்றுவரை தெரியாது.

"பிழை" என்றார் எல்மர்.

நான்கு மணிக்கு அவர் மைதானத்துக்குப் போய், பயிற்சியில் இருந்த மாண்டோவை வேலியருகே கூப்பிட்டு, தானே சொன்னார். அவன் மட்டையால் காலணியின் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டான். "சரி" என்றான். திரும்பிப் போய் அடிக்க ஆரம்பித்தான்.

ஏழு மணிக்குக் கூட்டம் நிரம்பியது. முப்பத்தேழு என்று பெரிதாக எழுதிய அட்டைகளோடு வந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு வைக்கோல் தொப்பிக்காரர் முழங்காலில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பெரிய அணியின் ஆள் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கில்ஹூலி ஒலிபெருக்கியில் திருத்தத்தை வாசித்தார். ஜூலை மூன்று, ஏழாவது இன்னிங்ஸ், அடி அல்ல, பிழை. ஆகவே அல்மான்சாரின் தொடர் பதினேழு.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒருவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. பிறகுதான் சத்தம் எழுந்தது. காகிதக் கோப்பைகள் கூண்டை நோக்கிப் பறந்தன.

"எல்மர்! உன் கண்ணுக்கும் மீட்டர் வெய்யி!"

"மூணு வாரம் கழிச்சு எவன்டா வந்து ஓதினான் உனக்கு?"

மிசஸ் ப்ராங் எழுந்து, பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, "நான்தான் ஓதினேன், என்ன இப்ப?" என்றார். வேர்க்கடலைத் தோடுகள் அவர் தலையில் விழுந்தன. அவர் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டார்.

மாண்டோ முதல் முறை பந்தை வானத்துக்கு அடித்துப் பிடி கொடுத்தான். இரண்டாம் முறை ஸ்ட்ரைக் அவுட். மூன்றாம் முறை மறுபடி பிடி. பதினேழும் போகப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வைக்கோல் தொப்பிக்காரர் ஒருமுறை கொட்டாவி விட்டார். என் பக்கத்தில் அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

எட்டாவது இன்னிங்ஸில் நான்காம் முறை. பந்து மட்டையின் கீழ் விளிம்பில் பட்டு, புல்லில் மெதுவாக, நின்றுவிடுமோ என்பது போல உருண்டது. எதிரணிக்காரன் ஓடிவந்து கையுறை இல்லாத கையால் அள்ளி, ஓடிய வாக்கிலேயே எறிந்தான். எறிந்தது கொஞ்சம் விலகியது. மாண்டோ முதல் தளத்தைக் கடந்துவிட்டான்.

அடியா, பிழையா? நேராக எறிந்திருந்தால் அவுட்டா? நாலாயிரம் பேரும் மாண்டோவைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தார்கள்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கில்ஹூலி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். எல்மர் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. முழுப் பந்தையும் பார்த்திருந்தார். அவ்வளவு மெதுவாக உருண்ட பந்துக்கு நேராக எறிந்திருந்தாலும் ஆள் அவுட்டாகியிருக்க மாட்டான். விசையைத் தட்டினார். பலகையில் அடி என்று எரிந்தது.

கைதட்டல் பாதி, ஊளை பாதி.

"சரிக்கட்டுறியா எல்மர்?" என்றாராம் கில்ஹூலி, ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு. "பாவம் பாத்து?"

எல்மர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை என்பார் கில்ஹூலி. கூடவே உட்கார்ந்திருக்கும் கில்ஹூலியே அப்படிக் கேட்கிறார் என்றால் கீழே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இனிமேல் அவர் அடி என்றால் யாருக்குக் கொடுத்த தர்மம் என்று கேட்பார்கள். பிழை என்றால் யாரைப் பழிவாங்கினார் என்று.

"பாத்தேன் ரஸ்" என்றார். "இத நான் பாத்தேன்."

கீழே மாண்டோவும் அதையேதான் தெரிந்துகொள்ள விரும்பினான் என்று நினைக்கிறேன். அடுத்த தளத்துக்கு ஓடத் தோதாக முதல் தளத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றவன், பலகையைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பி நேராகக் கூண்டைப் பார்த்தான். அவன் அடித்ததா, கொடுத்ததா? அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதரின் முகத்தில் அதைப் படிக்க முடியுமா? அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மாண்டோ! திரும்பு!" என்று அம்மா அலறினாள்.

பந்து வீசுபவன் மட்டையாளருக்கு வீசாமல் சட்டென்று முதல் தளத்துக்கு எறிந்தான், தளத்தைவிட்டு நிற்பவனைப் பந்தால் தொட்டு அவுட்டாக்க. மாண்டோ பாய்ந்தான். கை தளத்தைத் தொடுவதற்கு முன்பே பந்திருந்த கையுறை அவன் தோளில் விழுந்துவிட்டது. அம்பயரின் கட்டைவிரல் உயர்ந்தது. அவுட்.

வைக்கோல் தொப்பிக்காரர் நோட்டில் எதையோ எழுதினார். கொஞ்சம் அதிகமாகவே எழுதினார். மாண்டோ எழுந்து, நெஞ்சிலிருந்த மண்ணைத் தட்டாமலே நடந்தான்.

மேலே எல்மர் பென்சிலை எடுத்தார். அடித்தவன் அல்மான்சார், ஓர் அடி. அதற்கு நேர் கீழே, தளத்தில் நின்றபோது அவுட். காரணம் எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமில்லை. அவர் அந்தக் கட்டத்திலேயே பென்சிலை ஊன்றியபடி இருந்தார், கில்ஹூலி தோளைத் தொட்டு, அடுத்தவன் மட்டையோடு வந்து நின்றுவிட்டான் என்று சொல்லும்வரை.